ஆசிரியர் அறையில் விழும் ஒரு சொல்

பணிநியமன ஆணையோ பணிமாறுதல் ஆணையோ பெற்றுப் புதிய பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர், முதல் வாரத்தில் நிறையத் தெரிந்துகொள்கிறார். காலையில் எந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது, எமிஸ் பதிவுகளை யார் பார்க்கிறார்கள், எந்த வகுப்பறையில் மழை பெய்தால் ஒழுகும் என்பதையெல்லாம் உடன் பணியாற்றுவோர் அன்போடு சொல்லித் தருகிறார்கள். இந்த உதவி இல்லாமல் எந்தப் புதிய ஆசிரியரும் ஊன்றிக்கொள்ள முடியாது.

அதே வாரத்தில், அதே மேசையில், அதே அன்போடு வேறு சில செய்திகளும் வந்து சேரும்.

"கடைசி வரிசைல இருக்கிறதுங்க இருளர் வீட்டுப் பசங்க மேடம். ரெண்டு நாள் வரும், நாலு நாள் வராது. ரொம்ப மெனக்கெடாதீங்க."

"அந்தப் பொண்ணுக்கு எதுக்கு சார் என்.எம்.எம்.எஸ். பயிற்சி? பத்தாவது முடிச்சா கட்டிக் குடுத்துடுவாங்க."

"நீங்க எந்த ஊரு? ஓ, அந்த ஊரா! ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?"

சொல்பவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. புதியவருக்கு வழிகாட்டுவதாகவே நினைத்துச் சொல்கிறார். கேட்பவருக்கோ சுருக்கென்று இருக்கிறது. என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைக்கிறார், அல்லது தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இத்தகைய பேச்சுக்குப் பண்போடும் உறுதியோடும் மறுமொழி சொல்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இது ஆசிரியர்களுக்கு இடையிலான நாகரிகம் பற்றிய செய்தி மட்டும் ஆகாது. அந்தப் பேச்சின் விலையைக் கொடுக்கப்போவது மாணவர் என்பதால் இது கற்பித்தல் பற்றிய செய்தியும்கூட.

அந்தச் சொல் எங்கே போகிறது?

ஆசிரியர் அறையில் சொல்லப்படும் ஒரு கருத்து அங்கேயே தங்குவதில்லை. "மெனக்கெடாதீங்க" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குள் செல்பவர், தம்மை அறியாமலே கடைசி வரிசையிடம் குறைவாகக் கேள்வி கேட்பார். பதில் வரக் காத்திருக்கும் நேரத்தையும் குறைப்பார். குறிப்பேட்டில் பிழையைச் சுட்டாமல் கையொப்பம் மட்டும் இடுவார். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளை உண்மையிலேயே பின்தங்கியிருக்கும். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்ற சொல் மெய்யாகிவிடும்.

பி.எட். படித்த நமக்கு ராபர்ட் ரோசெந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோரின் ஆய்வு நினைவிருக்கும். கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப்பள்ளியில் சில மாணவர்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு நன்கு முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகக் கீழ்வகுப்புகளில், அம்மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள் என்று 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்வந்த ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு அவரது நடத்தையில் தெரியும், அதை மாணவர் உணர்வார் என்பது வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்பதே. நல்ல சொல் ஒரு பிள்ளையை உயர்த்துமானால், இழிவான சொல் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு பேராசிரியரும் ஒரு தண்ணீர்க் குடமும்

புதிய பணியிடத்தில் உடன் பணியாற்றுவோரின் இழிவை எதிர்கொண்டவர்களில் நாம் அனைவரும் அறிந்த ஒருவர் டாக்டர் அம்பேத்கர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் படித்துவிட்டு, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். அலுவலகத்தில் கீழ்நிலைப் பணியாளர்கள்கூட அவர்மேல் கை படாமல் இருக்கக் கோப்புகளைத் தூரத்திலிருந்து எறிந்தார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தங்குவதற்கு இடம் கிடைக்காமல் சில நாட்களிலேயே அந்த ஊரை விட்டு வெளியேறினார்.

அடுத்த ஆண்டு, 1918-இல், பம்பாயின் சிடென்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகச் சேர்ந்தார். நம்மைப் போலவே கற்பிக்கும் பணி. அங்கே பேராசிரியர்களுக்கென்று வைத்திருந்த குடிநீரை அவரும் எடுத்துக் குடிப்பதற்கு உடன் பணியாற்றிய சில பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பட்டங்கள் பல பெற்றவர்கள் நிறைந்த அறையிலேயே அது நடந்தது.

படிப்பு மட்டும் பாகுபாட்டை அகற்றிவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. இன்னொன்றையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். எதிர்த்தவர்கள் சிலர்தான். 'குடித்தால் என்ன?' என்று அந்த அறையிலிருந்த வேறொருவர் சொல்லியிருந்தால் புதிதாக வந்தவரின் சுமை எவ்வளவு குறைந்திருக்கும்!

புதியவர் ஏன் பேசாமல் இருந்துவிடுகிறார்?

இதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், மூத்தவரைப் பகைத்துக்கொண்டால் என்னாகுமோ என்று அஞ்சுகிறார். அவசர விடுப்பு வேண்டுமென்றால் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப்போவது அதே மூத்தவர்தான். 'வந்ததும் சட்டம் பேசுறாங்க' என்ற பெயர் வந்துவிடக்கூடாது என்ற தயக்கமும் உண்டு. 'வேடிக்கைக்குச் சொன்னேன்' என்று சொல்லிவிட்டால் நாம்தான் நகைச்சுவை உணர்வு இல்லாதவர் ஆகிவிடுவோம்.

இக்காரணங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் மௌனத்துக்கும் ஒரு பொருள் உண்டு. முதல் வாரத்தில் நாம் எதைக் கேட்டுச் சிரிக்கிறோமோ, அதை நம் முன்னிலையில் தாராளமாகப் பேசலாம் என்று அந்த அறை முடிவு செய்துகொள்ளும். மூன்று ஆண்டு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான்காம் ஆண்டு மறுத்தால், 'இத்தனை நாள் இல்லாதது இப்ப என்ன?' என்பார்கள். எனவே முதல் முறையே சிறிதாக ஒரு சொல் சொல்லிவிடுவது பின்னால் பெரிதாகச் சண்டையிடுவதைவிட எளிது.

என்ன சொல்லலாம்?

மறுமொழி சுருக்கமாக இருக்கட்டும். சொன்னவரைப் பற்றிப் பேசாமல், சொல்லப்பட்டதைப் பற்றிப் பேசுவோம். 'நீங்க ஜாதி பார்க்கிறீங்க' என்றால் அவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே இறங்குவார். பேச்சு மாணவரை விட்டு அவரைச் சுற்றிவரும். கீழ்க்கண்ட வழிகளில் சூழலுக்கு ஏற்றதைக் கையாளலாம்.

1. சிரிக்காமல் இருப்பது. மிக எளிய மறுமொழி இது. எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் சிரிக்காமல் இருப்பதை அந்த அறை கவனிக்கும். வேறெதுவும் சொல்ல வராத நாளில் இதையாவது செய்யலாம்.

2. கேள்வி கேட்பது. "அப்படி ஏன் சார் சொல்றீங்க? அந்தப் பையன் எத்தனை நாள் வரலை?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேட்கலாம். பொதுவாகச் சொன்னவர் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வருகைப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பாதிக் கருத்து அங்கேயே கரைந்துவிடும்.

3. செய்தியைச் சொல்வது. இருளர் பிள்ளைகள் பற்றிய பேச்சையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு செல்லும் இருளர் உண்டு. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும் இம்மாவட்டங்களில் மீட்புகள் நடந்துள்ளன. பெற்றோர் சூளைக்குப் போனால் பிள்ளையும் போகிறது. ஆகவே வராத நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் படிப்பில் விருப்பமின்மை அன்று. "அப்பா அம்மா சூளைக்குப் போயிருக்காங்களான்னு விசாரிச்சுட்டு வரேன் சார்" என்பது சண்டையில்லாத, ஆனால் தெளிவான மறுமொழி.

இன்னொரு செய்தியும் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, நஞ்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு இச்சங்கம் அளிக்கிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 'எலி பிடிக்கிறவங்க பசங்க' என்று சொல்பவரிடம், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிக்குப் பின்னால் இருக்கும் அறிவு யாருடையது என்று சொல்லலாம். அதை ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலும் சொல்லலாம்.

4. மாற்றிச் சொல்வது. ஒருவர் "இந்திக்காரப் பசங்க நாலு பேரு வந்திருக்கு" என்றால், "ஒடிசாவிலேர்ந்து வந்திருக்காங்க சார், வீட்டுல ஒடியா பேசுறாங்க" என்று சரியான சொல்லை இயல்பாகப் பயன்படுத்தலாம். 'அதுங்க' என்றால் நாம் 'அவங்க' என்போம், பிள்ளையின் பெயரைச் சொல்வோம். திருத்துகிறோம் என்று காட்டிக்கொள்ளாமலே திருத்தும் வழி இது.

5. பயனைக் காட்டுவது. "அந்தப் பொண்ணுக்கு எதுக்குப் பயிற்சி?" என்பவரிடம், "என்.எம்.எம்.எஸ்.ல தேர்வானா ஒன்பதாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய் வரும் மேடம். அந்தப் பணம் இருந்தாலே கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவாங்க" என்று சொல்லலாம். கொள்கை பேசுவதைவிட இது பலருக்கு எளிதில் புரியும்.

6. தனியே பேசுவது. மூத்தவரைப் பலர்முன் மறுத்தால் அவர் முகம் வாடும், பிடிவாதமும் கூடும். பேருந்து நிறுத்தத்திலோ வகுப்பு முடிந்த பின்போ, "சார், காலையில சொன்னீங்களே, அது எனக்குச் சங்கடமா இருந்தது. பசங்க காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சேன்" என்று சொல்லலாம். ஆனால் யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அவர் அந்த அறையிலேயே இருந்தால் தனிப்பேச்சு போதாது. அவர் கேட்கும்படி அங்கேயே ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

'எந்தத் தெரு?' என்ற கேள்வி

ஊர் கேட்பது இயல்பு. ஊருக்கு அடுத்துத் தெரு, தெருவுக்கு அடுத்துக் குலதெய்வம் என்று கேள்விகள் நீளும்போது அவை எதைத் தேடுகின்றன என்பது இருவருக்கும் தெரியும். இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. "உத்திரமேரூர் பக்கம் சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மீண்டும் கேட்டால், "அது எதுக்கு சார், வேலைக்கு அது தேவையில்லையே" என்று புன்னகையோடு முடிக்கலாம். தம் சமூகத்தை மறைக்க விரும்பாத ஆசிரியர் நேரடியாகச் சொல்லிவிட்டு, "இப்ப பாடத்தைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்பதும் சரியே. எது ஏற்றது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

'காலனி' என்ற சொல் இழிவுக்கான குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீங்கும் சொல் ஆசிரியர் அறையிலிருந்தும் நீங்க வேண்டும்.

சொல் நம்மை நோக்கியே வந்தால்

நம் சாதியையோ, பாலினத்தையோ, மாற்றுத்திறனையோ, மதத்தையோ குறித்துச் சொல்லப்பட்டால் அந்த நொடியில் பேச்சு வராமல் போவது இயற்கை. அன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. மறுநாள் சென்று, "நேத்து நீங்க சொன்னது என்னைப் புண்படுத்துச்சு. இனிமே அப்படிச் சொல்ல வேண்டாம்" என்று மூன்று வரியில் சொல்லலாம். விளக்கமோ வாதமோ தேவையில்லை. நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. மீண்டும் நடக்காவிட்டால் அந்த நோட்டு அப்படியே கிடக்கட்டும். மீண்டும் நடந்தால் அது உதவும்.

உடனிருப்பவர்களின் பங்கு இங்கேதான் பெரிது. பாதிக்கப்பட்டவரே எல்லா முறையும் பேச வேண்டியிருந்தால் அவர் 'எப்பவும் பிரச்சினை பண்றவர்' ஆக்கப்படுவார். பாதிக்கப்படாத ஒருவர் "அது சரியில்ல சார்" என்றால் அந்தச் சொல்லுக்கு எடை கூடுதல். பல ஆண்டு அனுபவமுள்ள நாம்தான் இதைச் செய்ய வேண்டும். நமக்குத் தகுதிகாண் பருவம் இல்லை. இழக்க வேண்டியதும் குறைவு.

தலைமையாசிரியர் தம் பங்குக்கு, ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடலாம்: மாணவரையோ ஆசிரியரையோ சாதி, மதம், பாலினம், உடல்நிலை குறித்து யாரும் இப்பள்ளியில் பேசுவதில்லை. எவரையும் சுட்டாமல் முன்கூட்டியே சொல்வதால் யாருக்கும் மனவருத்தம் வராது. பின்னர் புதியவர் ஒருவர் மறுத்துப் பேச நேர்ந்தால், "ஹெச்.எம். அன்னைக்கே சொன்னாங்களே" என்ற பிடி அவருக்குக் கிடைக்கும்.

பொறுமைக்கு எல்லை எது?

மேற்சொன்ன வழிகள் எல்லாம் அறியாமையால், பழக்கத்தால் வரும் பேச்சுக்கு உரியவை. வேண்டுமென்றே இழிவுபடுத்தும் பேச்சைப் பண்போடு பொறுத்துக்கொள்ளும்படி யாரையும் கேட்க முடியாது. அங்கே சட்டம் இருக்கிறது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன்படி, இச்சமூகங்களைச் சேராத ஒருவர் இவர்களை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் பொதுப் பார்வையில் அவமதிப்பதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இலும் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு அதே அளவு தண்டனை உள்ளது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பாலியல் சார்ந்த பேச்சையும் துன்புறுத்தலாகவே கொள்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழுவிடமும், பத்துக்கும் குறைவானோர் உள்ள சிறு பள்ளிகளில் மாவட்ட அளவிலான குழுவிடமும் மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். மாணவரை மனத்தளவில் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடன் பயின்றவர்களால் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, ஆசிரியர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கவோ இழிவாகப் பேசவோ கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆசிரியர் நாவிலிருந்து வரும் சொல்லையும் அக்குழு சேர்த்தே பேசியிருக்கிறது.

பிள்ளை கேட்டுவிட்டால்

சுண்ணக்கட்டி எடுக்கவோ நோட்டு வைக்கவோ வரும் மாணவர் காதில் சில சொற்கள் விழுந்துவிடும். அப்போது கேட்காதது போல் இருந்துவிடக் கூடாது. அன்றே அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "உன்னைப் பத்திச் சொன்னது சரியில்ல. நான் அப்படி நினைக்கல" என்று சொல்ல வேண்டும். சக ஆசிரியரைக் குறை கூற வேண்டியதில்லை. சொல்லப்பட்டது தவறு என்று கூறினால் போதும். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்போம். நம் சொல்லை அந்தப் பிள்ளை நம்புவதற்கு அந்தக் காத்திருப்புதான் சான்று.

எங்கள் திருப்புலிவனத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாடநூலில் எல்லோரும் நடத்துகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையோர் பெயர் மட்டுமே ஓலையில் ஏறிய காலம் அது. இன்று நம் வருகைப்பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. ஆயினும் அக்கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனையே அழைத்தார்கள். பெரியவர்களின் விருப்பு வெறுப்பு படாத கை வேண்டும் என்பது அதன் கருத்து. புதிய பள்ளிக்கு வரும் ஆசிரியருக்கும் முதல் சில வாரங்கள் அந்தக் கை இருக்கிறது. எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. பெயரும் முகமும் மட்டுமே தெரியும். ஆசிரியர் அறையில் நாம் அவரிடம் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைக்கு எது வரும், எது பிடிக்கும், எங்கே தடுமாறும் என்பதைத்தான்.